வலை முடிச்சுப் போட்ட மாவுக்கட்டு

என் சித்தி மகள் ஸ்டெல்லாவுக்குப் போன மாதம் சென்னையில் இடுப்பு மூட்டை மாற்றினார்கள். ஆபரேஷன் ஆன மறுநாளே எழுப்பி நடக்கவிட்டார்களாம். எங்கள் ஊரான காரைக்கால் கோவில்பத்துக்குத் திரும்பியதும் பார்க்கப் போனேன். கட்டில்மேல் மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட தாளை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, நீங்க நர்ஸாச்சே. என்னென்ன செய்யக் கூடாதுன்னு போட்டிருக்காங்க, படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். முதல் வரி, தரையில் உட்காரக் கூடாது. அடுத்தது, சம்மணம் போடக் கூடாது. அதற்கும் அடுத்தது, குத்தவைக்கக் கூடாது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஸ்டெல்லாவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நான் படுற அவஸ்தை உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

"அடி போடி. இதே மூணு வரியை வெச்சுக்கிட்டு நாங்க அந்தக் காலத்துல பட்ட பாடு உனக்கு என்ன தெரியும்?"

அவளுக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்த பிசியோதெரபிப் பெண் பக்கத்தில் நின்றாள். நல்ல பெண்தான். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்பல்லாம் இந்தச் செயற்கை மூட்டே இங்க கிடையாதே மேடம். இடுப்பு வலின்னு வந்தா மாத்திரை குடுத்து அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஏதோ வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒழுங்கான பதில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் இது.

என் பெயர் பிலோமினா. முப்பத்து மூன்று வருஷம் நர்ஸ் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் ஆபரேஷன் தியேட்டரிலும் அதை ஒட்டிய மாவுக்கட்டு அறையிலும் போயிற்று. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கட்டடமும் இல்லை. பிரெஞ்சுக்காரன் பென்ஷன் வாங்கிய கிழவர்கள் கடைசிவரை அதை 'ஒப்பித்தால்' என்றுதான் சொன்னார்கள். பாண்டிச்சேரியில் நான் படித்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்பேன் கழுவினேன், ஊசி போடக் கற்றேன், வீட்டை நினைத்து அழுதேன். வேலை கற்றது முழுக்க டாக்டர் சபாபதியிடம்.

எழுபதுகளின் நடுவில் அவர் எங்களுக்கு எலும்பு டாக்டராக வந்தார். மன்னார்குடிப் பக்கத்துக்காரர், மெட்ராஸில் படித்தவர். ஆள் நல்ல பருமன், குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி. வந்த முதல் நாள், இடுப்பு வலி என்று வந்த ஒரு பெரியவரிடம், "வீட்டுல எப்படி உக்காருவீங்க? கொஞ்சம் காட்டுங்க" என்றார். அந்த மனுஷர் டாக்டருக்கு முன்னால் தரையில் உட்காரக் கூச்சப்பட்டு நெளிந்தார். சபாபதி என்ன செய்தார் தெரியுமா? ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பேன்ட்டோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "வாங்க, சேர்ந்து உக்காருவோம்" என்றார். பெரியவர் உட்கார்ந்தார். எந்தக் கால் மடங்குகிறது, எங்கே முகம் சுளிக்கிறார் என்று எல்லாவற்றையும் டாக்டர் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டார். அப்புறம் எழப் போனார். முடியவில்லை. என் பக்கம் கையை நீட்டினார். நான் இழுத்துத் தூக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கம். அவர் உட்காருவார், நான் தூக்கிவிடுவேன். ஒருநாள் மூச்சு வாங்கியதில், "சார், அடுத்த ஆபரேஷன் உங்களுக்குத்தான் போல" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்காமல், "செஞ்சுக்கறேன். கட்டு நீங்கதான் போடணும் பிலோமினா. சோத்துக்கு மட்டும் நல்லா இடம் விடுங்க" என்றார்.

சோற்றுக்கு இடம் என்று அவர் சொன்னது எங்கள் அறை வழக்கு. இடுப்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போடும்போது, வயிற்றின்மேல் ஒரு துண்டை மடித்து வைத்து அதற்கு மேல் கட்டுவோம். மாவு இறுகியதும் துண்டை உருவிவிடுவோம். அந்த இடைவெளி இல்லாவிட்டால் நோயாளி நாலு வாய் சாப்பிட்டதும் மூச்சு முட்டும். மாவுக்கட்டுத் துணியையும் அப்போது நாங்களே செய்ய வேண்டும். மெல்லிய துணியை மேஜையில் விரித்து, மாவைத் தேய்த்துத் தேய்த்துச் சுருட்டி, பிஸ்கட் டின்னில் அடைத்து, மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டிவைப்போம். கடல் காற்று பட்டால் போச்சு. ஐப்பசி மழையில் ஒரு டின்னை யாராவது திறந்து வைத்துவிட்டால் அத்தனையும் கட்டியாகி வீணாகிவிடும், அன்று என் வாயில் விழாத ஆள் கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் சுருளை நட்டுக்குத்தலாக விட வேண்டும். குமிழி நின்றதும் எடுத்து இரண்டு முனையையும் பிடித்து லேசாகப் பிழிய வேண்டும். நடுவில் பிழிந்தால் மாவெல்லாம் கையோடு வந்துவிடும். இதைச் சரியாகச் செய்ய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

சரி, வலிக்கு வருகிறேன். மாத்திரைக்கும் ஒத்தடத்துக்கும் கேட்காத இடுப்பு வலிக்கு, எங்கள் கையில் இரண்டு வழிதான் இருந்தது. கெட்டுப்போன மூட்டு அசைந்தால்தான் வலிக்கும். அதனால் மூட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொடை எலும்பையும் இடுப்பெலும்பையும் ஒன்றாக ஒட்ட வைத்துவிடலாம். வலி அடியோடு போகும், நிற்கலாம், நடக்கலாம், பாரம் தூக்கலாம். ஆனால் அந்த இடம் ஆயுசுக்கும் மடங்காது. இன்னொரு வழி, தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் உருண்டையை வெட்டி எடுத்துவிடுவது. கால் மடங்கும், தரையில் உட்காரலாம். ஆனால் கால் குட்டையாகும், கம்பு இல்லாமல் நடக்க முடியாது, பாரத்தை நினைத்தே பார்க்கக் கூடாது. எஃகு மூட்டு வைப்பதெல்லாம் பெரிய ஊர்களில், அதுவும் எல்லாருக்கும் இல்லை. சின்ன வயதில் காசநோய் வந்து கெட்ட மூட்டில் அதை வைக்கவே பயப்படுவார்கள். ஆக, நிற்பதா உட்காருவதா, இரண்டில் ஒன்றை நோயாளி தேர்ந்தெடுக்க வேண்டும்.

நெடுங்காட்டு சாமிநாதனுக்கு ஒட்ட வைத்தோம். ஐந்தாறு மா நிலத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்த விவசாயி, ஐம்பது வயதிருக்கும். ஆபரேஷன் அருமையாக வந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சபாபதி சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, சாமிநாதன் மஞ்சள் பையில் லட்டும் முறுக்கும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு வந்தார். மகள் கல்யாணம் முடிந்திருந்தது.

"கல்யாணம் நல்லா நடந்துதுங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ரொம்ப நல்லா நடந்துச்சுங்க. எந்தம்பியும் தம்பி சம்சாரமும் உக்காந்து தாரை வாத்துக் குடுத்தாங்க."

"ஏன், நீங்க?"

"மணையில உக்கார முடியலீங்களே. நாற்காலி போட்டுக்கறேன்னு கேட்டுப் பாத்தேன், அய்யரு அதெல்லாம் சரிப்படாதுன்னுட்டாரு. நான் பந்தக்காலைப் புடிச்சிக்கிட்டு நின்னு பாத்தேன்." அவர் முகத்தில் குறையே இல்லை. "வலி சுத்தமா இல்லீங்க. நல்லா தூங்குறேன். நீங்க நல்லா இருக்கணும்."

அவர் போனபின் லட்டு மேஜைமேல் அப்படியே இருந்தது. சாயங்காலம் எறும்பு மொய்த்துவிட்டது, நான்தான் எடுத்துப் போட்டேன். டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "தரையில உக்கார முடியாதுன்னு அவர்கிட்ட முன்னாடியே சொன்னோமா இல்லியா பிலோமினா?" என்று கேட்டார்.

"சொன்னோம் சார். தலையாட்டினாரே."

"ஆமா. தலையாட்டினாரு" என்றார்.

டாக்டர் சொன்னால் தலையாட்டுவது எங்கள் பக்கத்து மரியாதை. புரிந்தால் ஆட்டுவோம், புரியாவிட்டால் இன்னும் வேகமாக ஆட்டுவோம். மகள் கல்யாணத்தில் மணையில் உட்கார முடியாது என்று சாமிநாதனுக்கு எங்கள் அறையில் நிற்கும்போது தோன்றவே இல்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. எனக்கு அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. நானும் இதே ஊரில் எத்தனை கல்யாணப் பந்தலில் நின்றிருக்கிறேன்!

அதற்கப்புறம் டாக்டர் ஒரு புதுச் சட்டம் போட்டார். யாருக்கு ஒட்ட வைப்பதாக இருந்தாலும், முதலில் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு மேல் வரை மாவுக்கட்டுப் போட்டு மூன்று வாரம் வீட்டுக்கு அனுப்புவது. ஆபரேஷன் செய்தால் எப்படி இருக்குமோ அப்படியே அந்தக் கட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். அதோடு சாப்பிட்டு, தூங்கி, கொல்லைக்குப் போய், வேலை செய்து பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அவர் படித்த காலத்தில் யாரோ ஒரு வாத்தியார் செய்ததாம். நான் அதற்கு ஒத்திகைக் கட்டு என்று பெயர் வைத்தேன். சிலர் மூன்றாம் நாளே வந்து, "அம்மா தாயே, இதை எடுத்து வுடுங்க" என்று கும்பிட்டார்கள். அவர்களுக்கு உருண்டையை எடுக்கும் வழி. ஒருவர் வரவே இல்லை, வீட்டிலேயே சுத்தியலால் உடைத்துக்கொண்டாராம்.

அஞ்சலை இந்தச் சமயத்தில்தான் வந்தாள். எண்பதுகளின் ஆரம்பம். திருவேட்டக்குடி மீனவப் பெண், ஏறக்குறைய என் வயது. புருஷன் முருகையன் கட்டுமரத்தில் போவார். இவள் காலையில் கரையில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கோட்டுச்சேரி வழியாகக் காரைக்கால் தெருக்கள் வரை நடந்து விற்பாள். பஸ்ஸில் மீன்கூடையை ஏற்றமாட்டார்கள். சிறுவயதில் வந்த காசநோயில் வலது இடுப்பு மூட்டு அரித்துப் போயிருந்தது. நோய் எப்போதோ ஆறிவிட்டது, வலி மட்டும் போகவில்லை. அந்த ஒரு வருஷமாகக் கம்பு ஊன்றித்தான் நடந்தாள். முழுக் கூடை தூக்க முடியவில்லை.

டாக்டர் தரையில் உட்கார்ந்து, அவளையும் உட்காரச் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ எவ்வளவு நேரம் இப்படி உக்காருவேம்மா?"

"நான் எங்கங்க உக்காருறேன்? உக்காந்தா யாரு மீன் வாங்குவா? தெருத்தெருவா நடக்கணும்." அப்புறம் குரலை இறக்கி, "எம்பெரிய பொண்ணு ஏழாவது படிக்குது அய்யா. வர்ற சித்திரையோட படிப்ப நிறுத்திட்டு கூடையத் தூக்கட்டும்னு வூட்டுல பேச ஆரம்பிச்சுட்டாங்க. என் தலையில இருக்கற கூடை என் தலையிலயே இருக்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்ப நாளைக்கு வரும்போது கூடையையும் சும்மாட்டையும் எடுத்துட்டு வாம்மா."

கொண்டுவந்தாள், பாதிக் கூடை மத்தி மீனோடு. வெறுங்கூடையைத் தலையில் வைத்தால் நடை சரியாக வராதாம். ஆஸ்பத்திரி முழுக்கக் கவிச்சி வாடை. நாங்கள் பிரெஞ்சு முறைப்படி 'மசேர்' என்று கூப்பிடும் எங்கள் மேட்ரன், பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "பிலோமினா, இது ஒப்பித்தாலா, மீன் மார்க்கெட்டா?" என்று கத்தினார். "ரெண்டு நிமிஷம் மசேர்" என்று கதவைச் சாத்தினேன். அரை மணி ஆயிற்று. கூடையோடு அஞ்சலையை நிற்க வைத்து, இடுப்பு எவ்வளவு மடிந்திருந்தால் அவளுக்கு நடையும் வரும், ஒரு ஸ்டூலின் விளிம்பில் ஒண்டவும் முடியும் என்று டாக்டர் பார்த்துப் பார்த்துச் சொன்னார். நான் மருந்துப் பெட்டி அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டி எடுத்து, 'அஞ்சலை' என்று எழுதி ஆணியில் மாட்டினேன். அதே கோணத்தில் ஒத்திகைக் கட்டைப் போட்டேன். சோற்றுக்கு இடம் விட்டு, விளிம்பெல்லாம் மழமழவென்று தேய்த்து. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் அவ்வளவு அழகான கட்டு. மீனை மசேரிடமே விற்றுவிட்டுப் போனாள், அதுதான் அஞ்சலை.

மூன்று வாரம் கழித்து வந்தாள். கம்பு இல்லை. வலி இல்லை என்றாள். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. டாக்டர் வார்டில் இருந்தார். நான் அவளைப் படுக்க வைத்து, கட்டை வெட்டக் கத்தரியை எடுத்தேன். தொடை இடுக்குப் பக்கம் வந்ததும், வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தது. மாவு அப்படி உதிராது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கிளிஞ்சல் சுண்ணாம்பு! சுரண்டிப் பார்த்தால், அதற்கடியில் கட்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அறுபட்டிருந்தது. இரண்டு பக்கமும் துளை போட்டு, நைலான் வலை நூலால் கோத்து, இழுத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசியிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "என்னடி இது? என் கட்டை அறுத்துட்டியா? உனக்கு அறிவிருக்கா?"

"மெல்லப் பேசுங்க சிஸ்டர், அய்யா காதுல வுழுந்துடப் போவுது." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒம்பதாம் நாளு எம்மாமியா செத்துப்போச்சு சிஸ்டர்."

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் பெண்கள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, ஒருத்தர் தோள்மேல் ஒருத்தர் கை போட்டு அழுவார்கள். வருகிறவள் வந்ததும் அந்த வட்டத்தில் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். மருமகள் நடுவில் இருக்க வேண்டியவள். அவள் கட்டை மாதிரி சுவரோரம் நின்றால் ஊர் என்ன பேசும்? கிழவிக்கு அழக்கூட மனசில்லாதவள் என்று பேரப்பிள்ளைகள் காலம் வரை சொல்லிக்காட்டும். முருகையன் மீன் வெட்டும் கத்தியால் கட்டை அறுத்துவிட்டார். அவள் போய் உட்கார்ந்தாள்.

எனக்கு நன்றாகத் தெரியும், டாக்டர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று. உட்காராமல் இருக்க முடியாதவள், இவளுக்கு உருண்டையை எடுப்பதே சரி என்பார். அப்புறம் கூடை போச்சு, அந்தப் பெண்ணின் படிப்பும் போச்சு. கட்டை மளமளவென்று வெட்டி எடுத்தேன். அறுபட்ட பக்கத்தைக் கீழே திருப்பிவைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவரிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

டாக்டர் வந்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு, எனக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது. கழற்றிய கட்டை எடுத்து உள்பக்கம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கட்டைத் திருப்பினார். துண்டுக்கு வெளியே நுனி நீட்டியிருந்த வலை நூல் தொங்கியது.

"இது என்ன முடிச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை முந்திக்கொண்டாள். "வலை முடிச்சுங்க அய்யா. எவ்வளவு இழுத்தாலும் நழுவாது." அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை.

"யாரு போட்டது?"

"நாந்தாங்க." எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

டாக்டர் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கட்டு அவர் மடியில் இருந்தது. "எவ்வளவு நேரம் உக்காந்திருந்தே?"

"காலையிலேந்து, தூக்குற வரைக்கும்."

"வலிச்சுதா?"

"கொஞ்ச நஞ்சமா? மாமியாளுக்கு அழுவுறனா, இடுப்புக்கு அழுவுறனான்னு எனக்கே தெரியல. மாமியா மேல இவளுக்கு இம்புட்டு ஆசையான்னு ஊரே அசந்துபோச்சு." எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

"அப்புறம் எப்பக் கட்டினே?"

"மறுநாளு காலையிலேங்க."

"யாராவது கட்டிக்கச் சொன்னாங்களா?"

"யாரு சொல்லுவா? எங்க வூட்டுக்காரரு, சனியன் வுட்டுச்சு, தூக்கிக் கடல்ல போடுன்னாரு. நாந்தான், கட்டு இருந்த எட்டு நாளும் கூடை தூக்குனேனேன்னு, உக்காந்து ஓட்டை போட்டுக் கோத்துக் கட்டிக்கிட்டேன்."

டாக்டர் அந்த நூலை விரலால் ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "இத அறுக்கக் கத்தி இருந்துது. நான் செய்யப்போறத அறுக்க முடியாதும்மா. நாளைக்கு உன் அம்மா போனாலும் சரி, யார் போனாலும் சரி, உன்னால உக்காந்து அழ முடியாது. உன் பொண்ணு கல்யாணத்துல மணையில உக்கார முடியாது. யோசிச்சுச் சொல்லு. தலைய ஆட்டாதே."

அவள் தலையை ஆட்டவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நின்னுக்கிட்டே அழுவுறேங்க" என்றாள்.

டாக்டர் என் பக்கம் கையை நீட்டினார். தூக்கிவிட்டேன். "தேதி போடுங்க பிலோமினா" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, தோளில் கிடந்த துண்டை என்னிடம் கொடுத்தார். "மூடறதுன்னா நூலையும் சேத்து மூடணும்" என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் நாலு மணி நேரம் பிடித்தது. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதுதான் அப்போது எங்களுக்கு வழக்கம், அவளுக்கு நினைவு இருந்தது. மூட்டைத் திறந்ததும் டாக்டர் சீழ் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினார். பழைய நோய் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால் எல்லாம் வீண். சுத்தமாக இருந்தது. நான் அப்போதுதான் மூச்சு விட்டேன். அரித்துப்போன பகுதியை உளியால் எடுத்து, நல்ல எலும்பு தெரியும்வரை சுரண்டினார். இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து சில்லுகள் வெட்டி இடைவெளியில் அடைத்தார். இறுக்குவதற்கு முன்னால், "அஞ்சலை அட்டை" என்றார். தியேட்டர் ஆயா தூரத்தில் நின்று அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். டாக்டர் ஒரு கண்ணை மூடி, கொத்தனார் மாதிரி பார்த்துப் பார்த்து, காலை அந்தக் கோணத்தில் நிறுத்தினார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "கூடை வேணுங்களா அய்யா?" என்று அஞ்சலை கேட்டாள். மயக்க மருந்துப் பையன் முதல் ஆயா வரை எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் மார்பிலிருந்து பாதம் வரை கட்டு. நாலு மாதம். எலும்பு ஒட்டுமா ஒட்டாதா என்று யாராலும் சொல்ல முடியாத நாலு மாதம். கட்டை எடுத்த அன்று, "காலைத் தூக்கும்மா" என்றார் டாக்டர். அவள் தூக்கினாள். கால் தனியாக வரவில்லை, இடுப்பும் சேர்ந்தே எழுந்தது. "வலிக்குதா?" "இல்லீங்க." எக்ஸ்ரேயில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே பாலம் போட்ட மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. சித்திரை போய்ப் பள்ளிக்கூடம் திறந்தபோது கூடை அவள் தலையில் இருந்தது, பெரிய பெண் எட்டாம் வகுப்பில் இருந்தாள்.

கோவில்பத்திலும் மீன் விற்றாள். கொஞ்சம் உடம்பைச் சாய்த்து, ஒரு பக்கம் வீசி நடப்பாள். கூடையை அவளால் தரையில் இறக்க முடியாது, எங்கள் வீட்டு மதில்மேல் வைத்துக்கொள்வாள். என் அம்மாவுக்கும் அவளுக்கும் தினமும் சண்டை. "நேத்து மீன இன்னிக்குக் கொண்டாந்து தலையில கட்டுறியா?" என்பார் அம்மா. "செவுள தொறந்து பாருங்க ஆத்தா, அது உங்களவிட நல்லாருக்கு" என்பாள் இவள். அவள் வராத நாளில் அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். டாக்டர் சபாபதி எண்பதுகளின் கடைசியில் ஓய்வு பெற்று மன்னார்குடிக்குப் போய்விட்டார். போகும்போது ஆணியில் தொங்கிய அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கு அடுத்த வருஷம், ஒரு காலை வேளையில், அம்மா இறந்துபோனார். கோயிலில் துக்க மணி அடித்து முடிப்பதற்குள் வீடு நிறைந்துவிட்டது. சித்தி, பெரியம்மா, தெருப் பெண்கள் எல்லாரும் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பத்து மணி சுமாருக்கு அஞ்சலை வந்தாள். விஷயம் தெரியாமல் மீன்கூடையோடு வந்தவள். கூடையை எப்போதும்போல் மதில்மேல் வைத்துவிட்டு, உள்ளே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் தரையில், இவள் மட்டும் உயரத்தில். அம்மாவைப் பார்த்தாள். கட்டிக்கொள்ளக் கழுத்து எட்டவில்லை.

யாரோ ஒரு தூரத்து உறவு, அவள் கதை தெரியாதவர், "நின்னா எப்படிம்மா? உக்காந்து அழு" என்றார்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நேத்துகூட சண்டை போட்டுச்சே சிஸ்டர், சங்கரா மீனு கொண்டாடின்னு சொல்லிச்சே, கொண்டாந்திருக்கேனே" என்று ஓவென்று அழுதாள். அதுவரை எனக்கு அழுகையே வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எங்கே, பாதிரியாருக்கு யார் சொல்வது என்று நர்ஸ் மாதிரியே இருந்துவிட்டேன். அவள் தோளில் முகத்தை வைத்ததும் உடைந்துபோனேன். கொஞ்ச நேரத்தில் என் முதுகில் ஒரு கை பட்டது. சித்தி எழுந்து வந்திருந்தார். அவருக்குப் பின்னால் பெரியம்மா.

"எனக்காவ நிக்காதீங்க சிஸ்டர், கால் வலிக்கும், உக்காருங்க" என்று அஞ்சலை காதோடு சொன்னாள்.

அம்மாவைத் தூக்கும்வரை நான் உட்காரவில்லை.